மூன்று பாகை

இரவு இரண்டு நாற்பதுக்கு
ஜெலுத்தோங்கில் சாலை வீங்கியது.
நான் போய்ச் சேர்ந்தபோது
கிளிஞ்சல் கலந்த கறுப்புச் சேறு
யாருடைய மைவி காருக்கோ கதவுவரை ஏறியிருந்தது.
வால்வை மூட ஐம்பது நிமிடம்.
அதன் மூடிமேல் என்றைக்கோ, யாரோ
தார் ஊற்றிப் போயிருந்தார்கள்.

உடைந்த துண்டைக் கொண்டுவந்து
மேசைக்கடியில் வைத்தேன்.
பழைய வார்ப்பிரும்பு.
நெளியவில்லை, நசுங்கவில்லை,
தேநீரில் நனையாத பிஸ்கட்டைப் போல
நேர்கோட்டில் விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம்.
பிளாஸ்டிக் பைப் விற்கும் இயோ செங் ஹுவாட்
தம்புன் பிஸ்கட் ஒரு பெட்டி கொண்டுவந்தார்.
துருப் பிடிக்காது, கனம் இல்லை, மலிவு என்றார்.
மூன்றும் உண்மை.
நான் மறுக்கவில்லை, பிஸ்கட்டும் இரண்டு தின்றேன்.
ஆனால் அந்தச் சாலையோரம் முழுக்கக் கார் பட்டறைகள்.
முப்பது வருடம் கழிவெண்ணெயும் தின்னரும் குடித்த மண்.
பிளாஸ்டிக்கின் சுவர் வழியே
அந்த வாசம் மெல்ல உள்ளே நடக்கும்.
ஒரு நாள் யார் வீட்டுக் கோப்பியிலோ பெட்ரோல் மணக்கும்.

எஃகு?
ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு வெல்டர்,
இரவில், மழையில். போதும்.

கணக்குப் பிரிவு நோர்ஹஸ்லிண்டா
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்:
"இரும்பு உடைந்துதானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?
மறுபடி இரும்பா?"

மேசைக்கடியிலிருந்து துண்டை எடுத்து
பிஸ்கட் பெட்டி பக்கத்தில் வைத்தேன்.
இதற்குள் கரி இருக்கிறது, சீவல் சீவலாக.
ஒவ்வொரு சீவலின் நுனியும்
ஒரு விரிசலுக்கு வாசல்.
இரும்பு கொதிக்கும்போது
மக்னீசியம் ஒரு சிட்டிகை விழுந்தால்
அதே கரி சுருண்டு மிளகு மணியாகிவிடுகிறது.
மிளகுக்கு நுனி கிடையாது.
விரிசல் வரும், வழி தேடும், நின்றுவிடும்.
அதே இரும்பு, அதே கரி,
உள்ளே உட்கார்ந்திருக்கும் விதம்தான் வேறு.

அவர் துண்டைத் தொட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.
"எவ்வளவு கூடுதல்?"
சொன்னேன்.
பேனா மூடியில் இன்னொரு பல்தடம்.
பிறகு கையெழுத்து.

உள்ளே சிமெண்டுப் பூச்சு, வெளியே துத்தநாகம்,
கடல் களிமண்ணின் உப்புக்கு அஞ்சி
அதற்கும் மேலே நீலநிற உறை.
ஒரு பைப்புக்கு இத்தனை சட்டையா என்றார்
தோண்டும் குழுவின் சித்திரைவேல்,
பனியனோடு நின்றபடி.

நூற்றுப்பத்தாவது மீட்டரில்
வரைபடத்தில் இல்லாத ஒன்று.
அங்சானா மரத்தடியில் சிவப்புப் பெட்டிக் கோயில்.
சொங்கோக் அணிந்த டத்தோ கோங்,
முன்னால் வெற்றிலை, அணைந்த ஊதுபத்தி,
பாதி புகைத்த சுருட்டு.
லிம் எக்ஸ்கவேட்டரை நிறுத்தினார்.
சித்திரைவேல் பூட்ஸைக் கழற்றினார்.
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கோயிலை நகர்த்தக் கடிதம் போட்டால் மூன்று மாதம்.
மூட்டிலுள்ள ரப்பர் வளையமோ
மூன்று பாகைவரை பொறுக்கும்.
ஆறு மீட்டருக்கு ஒருமுறை, துளித்துளியாய்த் திரும்பி,
ஏழு பைப்பில் மரத்தைச் சுற்றிப் போனோம்,
பந்தியில் இலைமுன் இருப்பவரை
முந்தானையும் படாமல் கடப்பதுபோல.
லிம் ஒரு புதுச் சுருட்டு வைத்தார்.
செலவுப் பட்டியலில் அது இல்லை.

அழுத்தச் சோதனை வியாழன் இரவு.
இரண்டு மணி நேரம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
ஓர் ஊசியைப் பார்த்தேன்.
அது அசையவில்லை.
எதுவுமே நடக்காமல் இருப்பதற்கு
இவ்வளவு ஆட்கள், இவ்வளவு இரும்பு.

படிவத்தில் ஆயுட்காலம் என்றொரு கட்டம்.
நான் இருக்கமாட்டாத ஓர் ஆண்டை எழுதினேன்.

எழுதாதது ஒன்றும் உண்டு.
பன்னிரண்டாவது பைப்பை இறக்கும்போது
சங்கிலி உரசி உறை கிழிந்தது,
இடப்பக்கம், என் உள்ளங்கை அளவு.
டேப் சுற்றி ஒட்டினோம், இரண்டு அடுக்கு.
இப்போதும் அந்த இடத்தில்
சாலையைக் கடக்கும்போது
கொஞ்சம் மெதுவாகப் போகிறேன்.
பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.